கேமரா வராத நாளில்தான் சேதம்: ஷூட்டிங்குக்கு வீடு, வண்டி, பொருள் வாடகைக்கு விடுவோருக்கு

சினிமாவுக்கு வீடு விட்டவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஷூட்டிங் நாளைப் பற்றித்தான் சொல்வார்கள். யார் வந்தார், கேரவன் எங்கே நின்றது, தெருவில் எவ்வளவு கூட்டம். அந்த வீட்டில் என்னென்ன உடைந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் வேறு கதை வரும். தூணில் ஆணி அடித்தது ஷூட்டிங்குக்கு முந்தைய நாள். தரையில் கீறல் விழுந்தது ஷூட்டிங் முடிந்த ராத்திரி, சாமான் ஏற்றும்போது. கேமரா ஓடும் நேரத்தில் டைரக்டர், கேமராமேன், மேனேஜர் எல்லோரும் அங்கேயே நிற்பார்கள். ஆர்ட் டிபார்ட்மெண்ட் ஆட்கள் பெயிண்ட் டப்பாவோடு வரும் நாளிலும், விடிந்தால் அடுத்த லொகேஷன் என்ற அவசரத்தில் நள்ளிரவில் செட்டைப் பிரிக்கும்போதும் அந்த மேற்பார்வை இருக்காது. வீட்டுக்காரர் தூங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டியது அந்த இரண்டு வேளைகளில்தான். ஹீரோ வரும் நாளில் நீங்கள் சினிமா பார்க்கப் போனாலும் பாதகமில்லை.

முதலில் வருபவர் லொகேஷன் மேனேஜர் அல்லது புரோக்கர். மொபைலில் இருபது முப்பது போட்டோ எடுத்துக்கொண்டு போவார். இந்தக் கட்டத்தில் வாடகை பேச வேண்டாம். அவருக்கும் கதை தெரியாது. அடுத்து டைரக்டர், கேமராமேன், ஆர்ட் டைரக்டர் சேர்ந்து வருவார்கள். கேள்வி கேட்க வேண்டியது அப்போதுதான். எந்தெந்த அறை, பகல் காட்சியா இரவுக் காட்சியா, மழை உண்டா, தீ உண்டா, புகை போடுவார்களா, சண்டை உண்டா, ரத்தம் சிந்துமா, சுவருக்குக் கலர் மாற்ற வேண்டுமா, கேமரா டிராலி எங்கே ஓடும், லைட் எங்கே நிற்கும். “சும்மா ரெண்டு பேர் உட்கார்ந்து பேசுற சீன்தான் சார்” என்று பதில் வந்தால் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்த இருவரும் பேசி முடித்த பிறகு ஒருவரை ஒருவர் அலமாரி மேல் தள்ளிவிடுவதாகக் காட்சி இருக்கலாம்.

ஆர்ட் டைரக்டரிடம் தனியாகப் பேசுவது நல்லது. டைரக்டருக்கு வீடு பிடித்திருக்கும். அதை எப்படி மாற்றப் போகிறார்கள் என்பது ஆர்ட் டைரக்டர் மனதில்தான் இருக்கும். கேமராமேன் சொல்லும் ஒரு வரியும் முக்கியம்: “இந்த ஜன்னல் வழியா லைட் வரணும்.” மாடி ஜன்னல் என்றால் வெளியே சாரம் கட்டுவார்கள். சாரத்தின் கால் உங்கள் தோட்டத்திலா, பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுக்குள்ளா என்பதை அன்றே பார்த்துவிட வேண்டும்.

வாடகையில் தொகையைவிட அளவுகோல்தான் தகராறு கிளப்பும். அவர்கள் கால்ஷீட் கணக்கில் பேசுவார்கள். கால்ஷீட் என்பது தொழிலாளர் சம்பளத்துக்கான கணக்கு. உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது. 9 மணிக்குக் கால்ஷீட் என்றால் யூனிட் வண்டி 6 மணிக்கே வாசலில் நிற்கும். மாலை 6 மணிக்கு வேலை முடிந்தது என்று பேக்கப் சொன்னாலும் கடைசி கேபிளைச் சுருட்டி வண்டி கிளம்ப எட்டரை ஆகிவிடும். முதல் வண்டி உள்ளே வரும் நேரத்திலிருந்து கடைசி வண்டி வெளியேறும் நேரம் வரை என்று எழுதுங்கள். அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு என்றும் சேர்த்து எழுதுங்கள். செட் போடும் நாளுக்கும் பிரிக்கும் நாளுக்கும் பாதி வாடகை என்று பேசுவது வழக்கம். ஆனால் சிலர் அந்த நாட்களை இலவசமாகக் கேட்பார்கள். தேய்மானம் அதிகமான நாட்களை இலவசமாகக் கொடுப்பதில் அர்த்தமில்லை. ஒரு நாள் ஷூட்டிங் நடந்து, நடிகர் வராமல் இரண்டு நாள் சும்மா கிடந்து, பிறகு மறுபடி ஷூட்டிங் என்றால், இடையில் வீடு பூட்டிக் கிடந்த நாட்களும் வாடகை நாட்கள்தான். உங்கள் கட்டிலும் சட்டி பானையும் மொட்டை மாடியில் தார்ப்பாய் போட்டுக் கிடக்கின்றனவே.

சீரியலுக்கு விடுவது வேறு சமாசாரம். வளசரவாக்கம், சாலிகிராமம் பக்கம் மாதக்கணக்கில் எடுப்பார்கள். வருமானம் நிலையானது, வீடு மெல்ல மெல்லத் தேயும். குடியிருந்துகொண்டே விட நினைக்காதீர்கள்.

இனி மின்சாரம். பெரிய ஹெச்.எம்.ஐ. லைட் ஒன்றே 18 கிலோவாட் இழுக்கும். சாதாரண வீட்டின் சிங்கிள் பேஸ் இணைப்பு அதில் கால் பங்கைத் தாங்கினால் பெரிது. எனவே ஜெனரேட்டர் வேன் வரும். அதில் சிக்கல் குறைவு. சிக்கல் வருவது காஸ்ட்யூம் ஆட்களின் இஸ்திரிப் பெட்டியில், மேக்கப் அறையின் ஹேர் டிரையரில், டீ போடும் கெட்டிலில், நாற்பது பேரின் மொபைல் சார்ஜரில். இவையெல்லாம் உங்கள் வீட்டு பிளக்கைத் தேடி வரும். ஒரே பழைய அலுமினிய வயரில் இரண்டு இஸ்திரிப் பெட்டி ஓடினால் போர்டு கருகும். மின்விசிறி, வீட்டு விளக்கு தவிர எதுவும் ஜெனரேட்டரில் இருந்துதான் என்று எழுதி, பிளக் பாயின்டுகளை நீங்களே பேப்பர் டேப் போட்டு மூடிவிடுங்கள். மீட்டர் ரீடிங்கை அவர்கள் மேனேஜர் முன்னிலையில் போட்டோ எடுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்த்தட்டு யூனிட்டுகளுக்கும் விலை மாறிவிடும். ஆகவே கூடிய யூனிட்டுக்கு மட்டும் காசு வாங்கினால் கணக்கு தப்பும். பில்லில் கூடிய தொகையை வாங்க வேண்டும்.

இன்னொன்று. வீட்டு இணைப்பை வணிகக் காரியத்துக்குப் பயன்படுத்துவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் அடங்கும். பொருந்தும் கட்டணத்தைப் போல் இரு மடங்கு போட முடியும். பெரிய படப்பிடிப்பு நடக்கும் தெருவில் புகார் கொடுக்க ஒரு மனஸ்தாபக்காரர் இல்லாமலா போவார்?

ஜெனரேட்டர் வேன் நிற்கும் இடத்தையும் நீங்களே காட்டுங்கள். பழைய மண் சுவர், கிணற்றுக் கைப்பிடிச் சுவர் இவற்றின் அருகே வேண்டாம். கேபிள் நிலைப்படியைத் தாண்டும் இடத்தில் ரப்பர் மேட் போடச் சொல்லுங்கள். கேபிளுக்காக இரண்டு நாள் திறந்தே கிடக்கும் ஜன்னல் எது என்பதையும் குறித்துவையுங்கள். திருட்டு அந்த வழியில்தான் போகும்.

ஆட்கள் எண்பதிலிருந்து நூற்றைம்பது வரை வருவார்கள். நடிகர்களுக்குக் கேரவன் உண்டு. லைட்மேனும் டிரைவரும் எங்கே போவார்கள்? உங்கள் கழிவறைக்குத்தான். பத்துப் பேருக்குக் கட்டிய செப்டிக் டேங்க் இரண்டாம் நாள் மாலையில் பொங்கும். மொபைல் டாய்லெட், தண்ணீர் லாரி, குப்பை அள்ளுவது மூன்றும் அவர்கள் பொறுப்பு என்று எழுத வேண்டும். மெஸ் சமையல் எங்கே நடக்கும், அசைவம் உண்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சைவ வீட்டுக் கொல்லையில் மீன் குழம்பு கொதித்துச் சண்டையான கதைகள் நிறைய.

சுவருக்கும் தரைக்கும் வருவோம். செட்டிநாட்டு வீடுகள் அதிகம் கேட்கப்படுவதாலும், அதிகம் கெடுவதாலும் அவற்றையே எடுத்துக்கொள்கிறேன். காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்துப் பழைய சுவர்கள் சுண்ணாம்புப் பூச்சு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன்மேல் எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே சிக்கி, அடுத்த ஐப்பசி மழையில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். அப்போது படமே ரிலீஸ் ஆகியிருக்கும். யாரிடம் போய்க் கேட்பது? கலர் மாற்றியே ஆக வேண்டும் என்றால் சுவரைத் தொடாமல் முன்னால் பிளைவுட் ஃபிளாட் என்னும் தற்காலிகச் சுவரை நிறுத்திக்கொள்ளச் சொல்லலாம். நல்ல ஆர்ட் டைரக்டர்கள் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. செலவு கூடும் என்று மேனேஜர்தான் முனகுவார். கீழ்ச்சுவரில் பளபளவென்று இழைத்த பழைய பூச்சு இருந்தால் அதில் எந்தக் காரணம் கொண்டும் டேப் ஒட்ட விடக்கூடாது. டபுள் சைட் டேப்பைப் பிய்க்கும்போது மேல் தோலும் கூடவே வரும். அந்தப் பூச்சைத் திரும்பப் போடும் கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதற்குள் உங்களுக்கு வயதாகிவிடும்.

“மறுபடி பழையபடியே பண்ணிக் கொடுத்துருவோம் சார்” என்பது இந்தத் தொழிலில் அதிகம் சொல்லப்படும் வாக்கியம். பண்ணியும் கொடுப்பார்கள், கேமராவில் தெரிந்த அளவுக்கு. சுவரின் பாதி புது வெள்ளையாகவும் மீதி பழைய வெள்ளையாகவும் நிற்கும். அதனால் அடித்த சுவர் ஒவ்வொன்றும் மூலைக்கு மூலை முழுதாக அடித்துத் தரப்படும் என்று எழுதுங்கள். அதைவிட மேல், அதற்கான தொகையை முன்பே வாங்கிக்கொண்டு உங்கள் பெயிண்டரை வைத்து அடிப்பது.

பழையதாகக் காட்ட டீ டிகாக்‌ஷன், கலர் பவுடர், கரி எல்லாம் தெளிப்பார்கள். சுண்ணாம்பும் ஆத்தங்குடிக் கல்லும் இதை உறிஞ்சும். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமென்டும் மணலும் சேர்த்து வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. புழங்கப் புழங்கத்தான் பளபளப்பு ஏறும். இதில் செயற்கை ரத்தம் சிந்தினால் சிவப்பு உள்ளே இறங்கிவிடும். கறையை எடுக்கிறேன் என்று கிளீனிங் ஆள் ஆசிட் பாட்டிலைத் திறந்தால் சிமென்ட் அரிக்கப்பட்டு நூறாண்டுப் பளபளப்பு ஒரு மணி நேரத்தில் போய்விடும். வீட்டுக்குள் ஆசிட் வரவே கூடாது என்பதைத் தனி ஷரத்தாகவே போடுங்கள். ரத்தக் காட்சி என்றால் தரைக்கு அதே டிசைன் பிரின்ட் செய்த வினைல் ஷீட் விரித்துக்கொள்ளலாம்; திரையில் வித்தியாசம் தெரியாது.

டிரைபாட் காலுக்கு அடியில் கால்களை விரியாமல் பிடிக்கும் ஸ்ப்ரெடர், டிராலி டிராக்குக்கு அடியில் பிளைவுட், லைட் ஸ்டாண்டுக்கு அடியில் கார்ப்பெட் துண்டு. மூன்றும் இல்லாமல் எதுவும் தரையில் இறங்கக் கூடாது. மணல் மூட்டையைத் தரையில் இழுக்க விடாதீர்கள். ஓட்டை மூட்டையிலிருந்து உதிரும் மணல் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். புகை மெஷினில் எண்ணெய் சேர்ந்த திரவம் ஊற்றினால் மரத்திலும் தரையிலும் பிசுக்குப் படியும். அடுத்த நாள் சோப்புத் தண்ணீரால் துடைத்துத் தருவதும் அவர்கள் வேலை.

முற்றத்தில் மழை எஃபெக்ட் கேட்பார்கள். வானத்து மழை பரவலாக விழும். இவர்கள் மழை குழாய் வழியாக ஒரே இடத்தில் மணிக்கணக்கில் கொட்டும். முற்றத்துத் தண்ணீர் வடியும் தூம்பில் இலை அடைத்திருந்தால் தண்ணீர் முற்றத்தைச் சுற்றியுள்ள வளவுக்குள் ஏறும். முந்தைய நாளே பத்துக் குடம் ஊற்றி, வடிகிறதா என்று பாருங்கள். மெட்ராஸ் டெரஸ் கூரையென்றால் தண்ணீர் டிரம், ஜிப் என்னும் கேமரா கிரேனின் எடைக் கட்டிகள் எதையும் மேலே ஏற்றாதீர்கள். மரச் சட்டங்களின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் பரப்பிய கூரை அது. அதில் ஆணி அடித்து வரும் கசிவைக் கண்டுபிடிக்கவே ஒரு மழைக்காலம் போதாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: வீடு யாருடையது? செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பங்காளிகள் பத்து, இருபது, அதற்கு மேலும் இருப்பார்கள். ஊரில் இருக்கும் ஒருவர் சாவியை வைத்துக்கொண்டு வீட்டை விட்டுவிடுவார். மூன்று வருடம் கழித்து மலேசியாவில் இருக்கும் பங்காளி படத்தைப் பார்த்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புவார். பங்குதாரர் எல்லோருடைய சம்மதமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாட்ஸப் செய்தியாவது. பணம் பொதுக் கணக்குக்குப் போக வேண்டும். சாமி அறை, சாமான் பூட்டி வைக்கும் அறைகள் போன்றவை பூட்டியே இருக்கும் என்பதும் அந்தச் சம்மதத்தில் வர வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர் உரிமையாளருக்குத் தெரியாமல் விட்டால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அடுக்குமாடியில் அசோசியேஷன் அனுமதி தேவை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி ஓடக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டு முதல் இருக்கும் விதி. தெருவை மறிக்க போலீஸ், மாநகராட்சி அனுமதி வாங்குவது கம்பெனியின் வேலை. காகிதத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

வண்டி விடுபவர்களுக்கு வேறு விதமான தலைவலி. கேட்கப்படுவது பெரும்பாலும் பழைய வண்டிதான். அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், எஸ்டி, ராஜ்தூத், லாம்பி ஸ்கூட்டர், டி.வி.எஸ். 50, முதல் தலைமுறை மாருதி 800. அம்பாசடர் தயாரிப்பு 2014இல் நின்றுவிட்டது; அதனால் இருப்பவற்றுக்குக் கிராக்கி ஏறுகிறது. முதலில் காகிதம். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் இல்லாத குற்றம்; 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய் வரை போகும். தனியார் கார் பாலிசியிலும் வாடகைக்கு விடுதல், பந்தயம், வேகச் சோதனை இவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை என்று தெளிவாகவே எழுதியிருக்கும். ஷூட்டிங்கில் இடித்த வண்டிக்கு உங்கள் இன்சூரன்ஸ் பைசா தராது. இன்னொரு வழியிலும் கைவிடும்: நாற்பது வயது வண்டியின் மதிப்பு பாலிசியில் அற்பமாக இருக்கும். கம்பெனி எடுக்கும் பட இன்சூரன்ஸில் உங்கள் வண்டி பெயர், எண், ஒப்புக்கொண்ட மதிப்பு மூன்றும் சேர்ந்திருக்கிறதா என்று நகல் வாங்கிப் பாருங்கள். இல்லையென்றால் அந்த மதிப்புக்குக் கம்பெனியே பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். 50 வயது தாண்டிய வண்டியை 2021இல் வந்த வின்டேஜ் விதியின் கீழ் பதிந்திருந்தால், அது கண்காட்சிக்கும் ராலிக்கும்தான் சாலையில் இறங்கலாம். வணிக ஓட்டத்துக்கு இடமில்லை. ஷூட்டிங் இடத்துக்கு லாரியில் ஏற்றித்தான் போக வேண்டும். மற்ற பழைய வண்டிகளுக்கும் நான் அதையே சொல்வேன்.

நம்பர் பிளேட்டில் கவனம் தேவை. தமிழ்நாட்டில் டி.என். வரிசை 1989இல் தொடங்கியது. அதற்கு முன் மூன்றெழுத்து எண்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் நடக்கும் கதை என்றால் உங்கள் எண்ணை மறைத்து வேறு எண் ஒட்டுவார்கள். உயர் பாதுகாப்புப் பிளேட்டின் பூட்டைக் கழற்றினால் திரும்பப் போட முடியாது. புதுப் பிளேட்டுக்கு அலைய வேண்டும். அதனால் கழற்றாமல் மேலே வேறு பலகை கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒட்டிய எண்ணோடு வண்டி ஒரு மீட்டர்கூடப் பொதுச் சாலையில் போகக் கூடாது. பிடிபட்டால் கேள்வி ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்குத்தான் வரும்.

உங்கள் டிரைவர் இல்லாமல் வண்டியை அனுப்பாதீர்கள். ஸ்டியரிங்கை ஒட்டிய கியர் உள்ள அம்பாசடரையும் பத்மினியையும் இன்றைய நடிகர்களில் பலர் தொட்டதே இல்லை. பத்து டேக்கில் கிளட்ச் பிளேட் தீய்ந்த வாசனை வரும். நடிகரோ அசிஸ்டென்ட் டைரக்டரோ லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அதுவும் உங்கள் கழுத்துக்குத்தான் கத்தி. தூரத்து ஷாட்டுகளுக்கு உங்கள் டிரைவருக்கே விக்கும் சட்டையும் மாட்டி ஓட்டவைக்கலாம், வழக்கமாகச் செய்வதுதான். அவருக்கு பேட்டாவும் சாப்பாடும் கம்பெனி கணக்கு.

பழைய வண்டிக்கு ஓடுவதைவிட நிற்பதுதான் கஷ்டம். டேக்குக்கும் டேக்குக்கும் நடுவே இன்ஜினை அணைக்காமல் வண்டியை நிறுத்திவைத்தால் ரேடியேட்டர் கொதிக்கும். சித்திரை வெயிலில் பெட்ரோல் பைப்பில் ஆவி அடைத்து வண்டி நின்றுவிடும். டைனமோ வண்டி ஐடிலில் சார்ஜ் ஏற்றாது. ஹெட்லைட் எரியும் இரவுக் காட்சியில் பேட்டரி இறங்கிவிடும். கூடுதல் பேட்டரி ஒன்று, பத்து லிட்டர் தண்ணீர், ஃபேன் பெல்ட், கன்டென்சர், பாயின்ட் செட் இவை டிக்கியில் இருந்தால் நூறு பேர் காத்து நிற்கும் நேரத்தில் மானம் தப்பும்.

கண்ணாடியில் வெளிச்சம் பிரதிபலிக்கிறது என்று முன் கண்ணாடியைக் கழற்றச் சொல்வார்கள். அங்கேதான் பெரிய நஷ்டம். கண்ணாடி உடையாமல் வந்தாலும் காய்ந்துபோன ரப்பர் பீடிங் துண்டு துண்டாகும், ஹெரால்டுக்கும் பழைய ஃபியட்டுக்கும் அந்த பீடிங் கடையில் எளிதில் கிடைக்காது. மறுத்துவிடுங்கள், போலரைசர் ஃபில்டரும் கறுப்புத் துணியும் வைத்துச் சமாளிக்க கேமரா டிபார்ட்மெண்டுக்குத் தெரியும். பானட்டில் கேமரா ரிக் பூட்டுவதாக இருந்தால் பட்டிக்கு மேல் அடித்த பெயிண்டில் வாக்கம் கப் ஒட்டக் கூடாது. பெயிண்டைக் கழற்றிக்கொண்டு வரும். கிளாம்புக்கு அடியில் ஃபெல்ட் துணி வேண்டும். தூசி படிந்த தோற்றத்துக்கு முல்தானி மட்டி தூவுவார்கள். அதைக் காய்ந்த துணியால் துடைத்தால் வண்டி முழுதும் மெல்லிய கீறல். தண்ணீர் அடித்துக் கழுவிய பிறகே துணி படலாம். இந்த வேலையை உங்கள் டிரைவரே செய்யட்டும். சேஸிங், சறுக்கல், தண்ணீரில் இறக்குவது எதுவும் இல்லை என்று எழுதும்போது “ஸ்டன்ட் கூடாது” என்று மட்டும் எழுதினால் போதாது. மண் ரோட்டில் மணிக்கு 60 கிலோமீட்டர் போவது அவர்களுக்கு ஸ்டன்ட் அல்ல.

மாடு, நாய், கோழி வாடகைக்கு விடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2001ஆம் ஆண்டு விதிகளின்படி படத்தில் விலங்கைப் பயன்படுத்த விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். வாங்க வேண்டியது கம்பெனி. அனுமதியில் உள்ள விலங்கு உங்களுடையதுதானா என்று பாருங்கள். காளையை வித்தை விலங்காகப் பயன்படுத்துவதற்கு 2011இல் மத்திய அரசு தடை அறிவிப்புப் போட்டிருப்பதால், காளை கேட்டால் இன்னும் எச்சரிக்கை தேவை.

சின்னப் பொருட்களில் வருமானம் சிறிது, வம்பு பெரிது. பழைய சாலிடேர் டி.வி., டயனோரா, மர்பி ரேடியோ, சுழற்டயல் டெலிபோன், கோல்ட் ஸ்பாட் பாட்டில், எவர்சில்வர் தூக்கு. தனியாக விடுவதைவிட சினிமாவுக்குப் பொருள் வாடகைக்கு விடும் வடபழனிப் பக்கத்து ப்ராபர்டி கடைகள் வழியாகப் போனால் கமிஷன் போகும். ஆனால் பொருள் திரும்பி வருவதற்கு ஒருவர் பொறுப்பாவார். நேரடியாகக் கொடுத்தால் டெலிவரி சலான் போடுங்கள். பொருள் பெயர், எண்ணிக்கை, நான்கு பக்கப் போட்டோ, ஏற்கெனவே உள்ள கீறல், தொலைந்தால் தர வேண்டிய தொகை. கடைசியில் சொன்ன தொகையை எழுதாமல் விட்டுவிட்டால் தொலைந்த உங்கள் தாத்தா ரேடியோவுக்கு மேனேஜர் பழைய இரும்பு விலை பேசுவார்.

பிக்சர் டியூப் டி.வி.யில் படம் ஓடுவதாகக் காட்சி இருந்தால் கேமராவில் கறுப்புப் பட்டை உருளும். நம் டி.வி. நொடிக்கு 25 படம். சினிமா கேமரா 24. கேமராவை 25க்கு மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சிலர் டியூபைக் கழற்றிவிட்டு எல்.சி.டி. பேனல் வைக்கப் பார்ப்பார்கள். டியூபில் அணைத்த பிறகும் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். தெரியாத கை பட்டால் ஆளுக்கும் ஆபத்து, டி.வி.யும் போச்சு. திரை மேல் பச்சைக் காகிதம் ஒட்டி, பிறகு கிராபிக்ஸில் படம் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

விடவே கூடாதவையும் உண்டு. லைசென்ஸ் துப்பாக்கியை, சுடாத பழசாக இருந்தாலும், லைசென்ஸ் இல்லாதவர் கையில் கொடுப்பது ஆயுதச் சட்டக் குற்றம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஐம்பொன் சிலைகள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் பதியப்பட வேண்டியவை. அவை கை மாறினாலே பதிவு அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும். சாமி அறையில் எதையும் தொட வேண்டாம் என்று சொல்ல இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? சுவரில் உள்ள குடும்பப் போட்டோக்களையும் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். படத்தில் செத்துப்போன அப்பாவாக மாலை போட்டு மாட்டப்படுவது உங்கள் மாமனார் படமாக இருந்துவிடப் போகிறது.

பணம் வாங்கும் வழக்கத்தில் ஒன்றை மாற்றாதீர்கள். பாதி முன்பணம், மீதி கடைசி நாள் முதல் ஷாட்டுக்கு முன். கடைசி ஷாட் முடிந்த பிறகு உங்களிடம் அவர்களுக்குத் தேவையானது எதுவும் இல்லை. சேதத்துக்கான டெபாசிட் தனி. வாடகையோடு கலக்கக் கூடாது. ஒப்பந்தம் புரோக்கர் பெயரிலோ மேனேஜர் பெயரிலோ அல்ல, கம்பெனி பெயரில், ஜி.எஸ்.டி. எண்ணோடு. பின்தேதி செக் கொடுத்துத் திரும்பினால், வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பினால்தான் செக் மோசடி வழக்குக்கு இடம் உண்டு. வருமான வரிப் பிடித்தம் கட்டிடத்துக்கும் மேசை நாற்காலிக்கும் 10 சதவீதம், இயந்திரத்துக்கு 2 சதவீதம். பான் எண் கொடுக்கவில்லை என்றால் 20. பிடித்த தொகை உங்கள் பான் எண் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடும் கம்பெனிகளும் உண்டு. ஷூட்டிங் வாடகை குடியிருப்பு வாடகை அல்ல என்பதால் ஜி.எஸ்.டி. விலக்கு கிடையாது. உங்கள் மொத்த வருடாந்திர வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு வேண்டும்; வரி 18 சதவீதம்.

கடைசியில் பேட்ச் வொர்க். எடிட்டிங்கில் ஒரு ஷாட் குறைகிறது என்று நான்கு மாதம் கழித்துப் போன் வரும். அதற்குள் நீங்கள் சோபா துணியை மாற்றியிருப்பீர்கள், அம்பாசடருக்கு வேறு கலர் அடித்திருப்பீர்கள். காட்சிக்குக் காட்சி பொருந்தி வர வேண்டிய கன்டினியூட்டி போனதற்கு உங்களைக் குற்றம் சொல்வார்கள். எத்தனை மாதம் வரை மாற்றாமல் வைத்திருப்பீர்கள், அதற்கு என்ன தொகை, பேட்ச் வொர்க் நாளுக்கு என்ன வாடகை என்பதை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். மூன்று மாதம் என்பது நியாயமான கெடு. அதற்கு மேல் வைத்திருக்கச் சொன்னால் மாதத்துக்கு இவ்வளவு. ஃபிரேமில் வந்த பொருள் எவை என்று அசிஸ்டென்ட் டைரக்டரின் கன்டினியூட்டி போட்டோக்களை வாங்கி வைத்துக்கொண்டால், அந்த மூலை சோபாவைத் தவிர மற்றதையெல்லாம் மறுநாளே வழக்கம்போலப் புழங்கத் தொடங்கலாம்.